பழைய அமெரிக்க வெள்ளி டாலர்: தரம் பார்க்கக் கற்றுக்கொள்வது எப்படி?

1884-ல் அமெரிக்காவின் மேற்குப் பக்கத்தில் இரண்டு நாணயச்சாலைகள் ஒரே படம் போட்ட வெள்ளி டாலரை அடித்தன. மோர்கன் டாலர் என்று அதற்குப் பெயர். சான் பிரான்சிஸ்கோவில் 32 லட்சம் காசு. நெவாடா மாநிலத்துக் கார்சன் சிட்டியில் 11 லட்சத்து 36 ஆயிரம். எடையும் வெள்ளியும் ஒன்றேதான். பின்பக்கத்தில் இருக்கும் சின்ன எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம். தேய்ந்த காசாக வாங்கினால் கார்சன் சிட்டிக்கு விலை அதிகம். குறைவாக அடித்த காசு, சரி. ஆனால் புழக்கத்துக்கே போகாத புதுக்காசாக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், கணக்கு தலைகீழாகிவிடும். கார்சன் சிட்டி காசு சில நூறு டாலருக்குக் கிடைக்கும். சான் பிரான்சிஸ்கோ காசுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டும். உயர்ந்த தரம் என்றால் லட்சம் டாலரைத் தாண்டும்.

காரணம் எளிது. சான் பிரான்சிஸ்கோவில் அடித்ததை மக்கள் கையில் வாங்கிச் செலவு செய்தார்கள். கார்சன் சிட்டியில் அடித்ததில் 9 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல் மூட்டையாகக் கட்டப்பட்டு, எண்பது வருஷத்துக்கு மேல் அரசுக் கருவூலத்தின் நிலவறையில் கிடந்தது. 1970-களில் அரசாங்கமே அதை வெளியே எடுத்து, தபால் வழியாக விற்றது.

பழைய காசு என்றால் ஆண்டைப் பார்த்து விலை சொல்லிவிடலாம் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். அச்சை விட்டு வெளியே வந்த பிறகு அந்தக் காசு எங்கே போனது, யார் கையில் புரண்டது, எதோடு மோதியது என்பதுதான் விலையின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கிறது. அந்தத் தடயங்களைப் படிப்பதற்குத்தான் கிரேடிங், அதாவது தரம் பிரித்தல், என்று பெயர். அதைக் கற்றுக்கொள்ள மேலே சொன்ன மோர்கன் டாலரைவிட நல்ல காசு கிடையாது. பெரிய காசு, நிறைய கிடைக்கிறது, விவரங்கள் கண்ணுக்கே தெரிகின்றன.

இவ்வளவு காசு எப்படி வந்தது?

1859-ல் நெவாடாவில் காம்ஸ்டாக் என்ற பெரிய வெள்ளிப் படிவம் கண்டுபிடிக்கப்பட்டது. வெள்ளி குவிந்தது, விலை இறங்கியது. இதற்கிடையில் 1873-ல் வந்த சட்டம் உள்நாட்டு வெள்ளி டாலர் அடிப்பதையே நிறுத்திவிட்டது. சுரங்க முதலாளிகளும் மேற்கு மாநில அரசியல்வாதிகளும் சும்மா இருப்பார்களா? 1878-ல் பிளாண்ட்-அலிசன் சட்டம் வந்தது. மாதாமாதம் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை அரசு வாங்கி, டாலராக அடித்தே தீர வேண்டும். மக்களுக்குத் தேவையா இல்லையா என்பது அந்தச் சட்டத்துக்குப் பொருட்டே இல்லை.

இங்கிலாந்திலிருந்து பிலடெல்பியா நாணயச்சாலைக்கு வேலைக்கு வந்த ஜார்ஜ் மோர்கன் படத்தைச் செதுக்கினார். முன்பக்கத்தில் இருக்கும் சுதந்திர தேவியின் முகத்துக்கு மாதிரியாக இருந்தவர் அதே ஊரில் ஆசிரியையாக வேலை பார்த்த ஆனா வில்லியம்ஸ். பின்பக்கம் கழுகு. எடை 26.73 கிராம், குறுக்களவு 38.1 மில்லிமீட்டர். நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி, பத்து செம்பு. நம் கணக்கில் ஏறக்குறைய மூன்று பவுன் எடை சுத்த வெள்ளி உள்ளே இருக்கிறது. புழக்கத்துக்கென்று 1878 முதல் 1904 வரை, பிறகு 1921-ல் ஒருமுறை அடித்தார்கள்.

கனமான இந்தக் காசைக் கிழக்கு மாநிலத்து மக்கள் சட்டைப்பையில் தூக்கிக்கொண்டு திரிய விரும்பவில்லை. அதற்குப் பதிலாகத் தாளில் அச்சடித்த வெள்ளிச் சான்றிதழ் போதும் என்றார்கள். காசு நிலவறைக்குப் போனது. ஆயிரம் ஆயிரமாகத் துணிப்பையில் போட்டுக் கட்டி அடுக்கினார்கள்.

அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. இந்தக் கதையில் நம் நாடு நுழைவது இங்கேதான். போர்க்காலத்தில் இந்தியாவில் ஜனங்கள் காகித நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாயாக மாற்றித் தரச் சொல்லி நெருக்கினார்கள். பிரிட்டிஷ் அரசிடம் போதிய வெள்ளி இல்லை. அமெரிக்கா 1918-ல் பிட்மன் சட்டத்தைப் போட்டு, கிடங்கில் இருந்த 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலரை உருக்கியது. அதில் ஏறத்தாழ 20 கோடி அவுன்ஸ் வெள்ளி இந்தியாவுக்காகப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. ஜார்ஜ் மன்னர் தலை போட்ட அந்தக் காலத்து ரூபாய் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், அதில் கொஞ்சம் மோர்கன் டாலர் கலந்திருக்க வாய்ப்பு உண்டு.

சேகரிப்பவர்களுக்கு இதில் ஒரு தலைவலி இருக்கிறது. எந்த ஆண்டுக் காசு, எந்த நாணயச்சாலைக் காசு எவ்வளவு உருக்கப்பட்டது என்று யாரும் கணக்கு எழுதி வைக்கவில்லை. அதனால் அடித்த எண்ணிக்கை ஒன்று, மிஞ்சிய எண்ணிக்கை வேறொன்று. நியூ ஆர்லியன்ஸ் நாணயச்சாலையில் 1903-ல் 44 லட்சத்து 50 ஆயிரம் காசு அடித்தார்கள். ஆனால் அறுபது வருஷமாக யாரும் அதைப் பார்த்ததே அபூர்வம். புதுக்காசுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் விலைப்பட்டியலில் போட்டிருந்தார்கள். 1962 கடைசியில் கருவூலம் பழைய மூட்டைகளை அவிழ்த்தபோது அதே காசு பை பையாக வெளியே வந்தது. விலை சில பத்து டாலருக்கு விழுந்தது. அரிய காசு என்று ஒருவர் சத்தியம் செய்யும்போது எனக்கு இந்தக் காசுதான் நினைவுக்கு வரும்.

எந்த நாணயச்சாலை என்று அறிய காசைத் திருப்புங்கள். கழுகின் கீழே மலர்வளையம், அதன் முடிச்சுக்குக் கீழே, டாலர் என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதற்குச் சற்று மேலே பாருங்கள். எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், சிசி என்றால் கார்சன் சிட்டி, டி என்றால் டென்வர். பழைய காசுகளில் டென்வர் 1921-ல் மட்டும்தான். எழுத்தே இல்லாவிட்டால் பிலடெல்பியா.

எழுபது வரை எண்ணுவது ஏன்?

காசின் தரத்தை 1 முதல் 70 வரையான எண்ணால் சொல்வார்கள். ஏன் நூறு இல்லை என்று எல்லோரும் கேட்கும் கேள்விக்குப் பதில் கொஞ்சம் வேடிக்கையானது. வில்லியம் ஷெல்டன் என்ற உளவியலாளர் 1949-ல் பழைய அமெரிக்கச் செம்புக் காசுகளுக்காக இந்த அளவைப் போட்டார். மிக மோசமான காசின் விலை ஒரு மடங்கு என்றால், அப்பழுக்கில்லாத காசு அன்றைய சந்தையில் 70 மடங்கு போகும் என்பது அவர் கணக்கு. எண்ணே விலையின் மடங்குதான். அந்த விலைக்கணக்கு சீக்கிரமே பொய்த்துவிட்டது. எண் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1970-களில் அமெரிக்க நாணயவியல் கழகம் அதை எல்லாக் காசுகளுக்கும் எடுத்துக்கொண்டது.

எழுபது படியும் உண்மையில் பயன்படுவதில்லை. எண்ணுக்கு முன்னால் தரத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம் வரும். ஜி-4 என்றால் உருவத்தின் வெளிக்கோடு மட்டும் மிஞ்சிய காசு. தேவியின் கூந்தல் வழுவழுவென்று ஒரே பரப்பாக இருக்கும். எஃப்-12-ல் முகத்தை ஒட்டிய முடிக்கற்றை கொஞ்சம் தெரியும். விஎஃப்-20-ல் நெற்றியிலிருந்து காது வரை முடிக்கோடுகளில் பாதிக்கு மேல் தெரியும், காதும் தெளிவாக இருக்கும். கழுகின் மார்பு மட்டும் வழித்துவிட்டது போல இருக்கும். எக்ஸ்எஃப்-40-ல் மார்பு இறகுகள் பல தெரியும், காதுக்கு மேலே இருக்கும் முடி மட்டும் மழுங்கியிருக்கும். ஏயூ என்று தொடங்கும் 50 முதல் 58 வரை மேட்டுப் பகுதிகளில் லேசான உராய்வுதான். எம்எஸ்-60-லிருந்து 70 வரை புழக்கத்துக்குப் போகாத காசு, தேய்மானமே கிடையாது. மோர்கன் டாலரில் 65-க்கு மேல் கிடைப்பது கஷ்டம். பெரும்பாலான புதுக்காசுகள் 61-க்கும் 64-க்கும் நடுவில்தான் நிற்கும்.

இதில் ஓர் அநியாயம் இருக்கிறது. எம்எஸ்-60 என்பது தேயாத காசுதான், ஆனால் மேலெல்லாம் அடியும் கீறலுமாக இருக்கும். ஏயூ-58 துளி தேய்ந்திருக்கும், மற்றபடி அழகாக இருக்கும். பட்டியலில் 60-க்குத்தான் விலை அதிகம். என்னைக் கேட்டால், கண்ணுக்குப் பிடித்த 58-ஐ எடுத்துக்கொண்டு மிச்சக் காசை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன்.

தேய்ந்ததா, சரியாகப் பதியவில்லையா?

புதிதாகத் தொடங்குகிறவர்களை அதிகம் குழப்புவது இதுதான். கொஞ்ச நேரம் இதில் நிற்கலாம்.

காசை மேசைவிளக்குக்குக் கீழே, விளிம்பில் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு பல்பு போதும். குழல்விளக்கு வெளிச்சம் பரவலாக விழுவதால் உதவாது. ஐந்து மடங்கு அல்லது ஏழு மடங்கு காட்டும் லென்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது காதுக்கு நேர் மேலே இருக்கும் முடியைப் பாருங்கள். மோர்கன் டாலரின் மிக உயர்ந்த மேடு அதுதான். அங்கே முடிக்கோடு இல்லாமல் தட்டையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு காரணம் இருக்கலாம். பல பேர் கையில் புரண்டு தேய்ந்திருக்கலாம். அல்லது அடிக்கும்போதே அச்சு முழு பலத்தோடு இறங்காததால், உலோகம் அச்சின் ஆழமான குழிவரை போய் நிரம்பாமல் விட்டிருக்கலாம். முதல் காசு பழையது, இரண்டாவது காசு புதியது. விலையில் எவ்வளவோ வித்தியாசம்.

பிரித்தறியக் காசை மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். புதுக்காசின் மேல் ஒளிப்பட்டைகள் இரண்டு, மையத்தைச் சுற்றி ஆரக்கால் போல ஓடும். அடிக்கும் அழுத்தத்தில் உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிப் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகளை விட்டுப் போகிறது. அந்த வரிகளில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம்தான் அது. அந்தப் பட்டை தட்டையான இடத்தின் மேலும் தடையில்லாமல் ஓடினால், அது பதியாத காசு. மேட்டுக்கு வந்ததும் ஒளி அறுந்து, அந்த இடம் மட்டும் மங்கிய சாம்பல் நிறமாக நின்றால், அது தேய்மானம். கன்னம், கழுகின் மார்பு, இறக்கையின் நுனி என்று எல்லா மேடுகளிலும் இதே சோதனையைச் செய்யலாம்.

சான் பிரான்சிஸ்கோவில் 1879 முதல் 1882 வரை அடித்த காசுகள் பொதுவாகக் கூர்மையாகப் பதிந்தவை. நியூ ஆர்லியன்ஸ் இதற்கு நேர் எதிர். 1891-ல் அங்கே அடித்ததை எடுத்தால் புதுக்காசிலேயே காதுக்கு மேலே முடி இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்தது அடித்தழும்பு. ஆயிரம் காசு கொண்ட பை என்பது கிட்டத்தட்ட 27 கிலோ. அதைத் தூக்கிப் போட்டார்கள், இழுத்தார்கள், வண்டியில் ஏற்றி இறக்கினார்கள். ஒன்றின் பல்விளிம்பு இன்னொன்றின் முகத்தில் குத்தியது. ஆகவே புதுக்காசிலும் தழும்பு இருக்கும். தழும்பு எத்தனை என்பதைவிட எங்கே என்பது முக்கியம். கூந்தலுக்குள் ஐந்தாறு குத்து இருந்தாலும் தெரியாது. தேவியின் கன்னம் வெறும் மைதானம். அங்கே ஒரே ஒரு வெட்டு விழுந்தாலும் 65 ஆக வேண்டிய காசு 63 ஆகிவிடும். அதனால் அனுபவசாலிகள் காசைக் கையில் வாங்கியதும் முதலில் கன்னத்தைத்தான் பார்ப்பார்கள்.

தேய்க்காதீர்கள்

வெள்ளி கறுத்துப்போனால் விபூதி போட்டுத் தேய்ப்பது நம் வீட்டுப் பழக்கம். டூத்பேஸ்ட், புளி, சோடா மாவு என்று வேறு வழிகளும் உண்டு. குங்குமச்சிமிழுக்குச் செய்யுங்கள், காசுக்கு வேண்டாம். துகள் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், முன்னே சொன்ன நுண்ணிய வரிகளை அது வழித்துவிட்டு, ஒரே பக்கமாக ஓடும் மயிர்க்கோடுகளை விட்டுப் போகும். வெளிச்சத்தில் சாய்த்தால் ஒளிப்பட்டை ஓடாது. பாத்திரம் போல வெறுமனே மின்னும். அப்படிப்பட்ட காசுக்குத் தரம் பிரிக்கும் நிறுவனங்கள் எண் கொடுப்பதில்லை. விவரம் இவ்வளவு மிஞ்சியிருக்கிறது, ஆனால் சுத்தம் செய்யப்பட்டது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடும். விலை அதோடு சரிந்துவிடும்.

தேய்க்காமல் ரசாயனத்தில் முக்கி எடுப்பதும் உண்டு. ஒருமுறை கவனமாகச் செய்தால் தப்பிக்கலாம். ஒவ்வொரு முறையும் மேற்பரப்பில் துளி வெள்ளி கரைவதால், திரும்பத் திரும்பச் செய்தால் காசு செத்த வெள்ளை ஆகிவிடும். பிசுபிசுப்பான பச்சைப் படிவு மட்டும் வேறு விஷயம். மலிவான பிவிசி உறையில் வைத்ததால் வருவது அது. விட்டால் உலோகத்தை அரிக்கும். சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, துடைக்காமல் உலர விட்டால் போய்விடும். நகப்பாலிஷ் அழிக்கும் திரவம் இதற்கு ஆகாது, அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும்.

கறுப்பு எல்லாமே குறை இல்லை. துணிப்பையிலும் பழைய காகித ஆல்பத்திலும் இருந்த கந்தகம் பட்டு, சில காசுகளில் நீலமும் ஊதாவும் பொன்னிறமுமாக வானவில் படர்ந்திருக்கும். அதற்கென்றே கூடுதல் விலை கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அடுப்பிலும் ரசாயனத்திலும் அந்த நிறத்தை உண்டாக்கி விற்கவும் ஆட்கள் இருக்கிறார்கள். முதல் சில வருஷத்துக்கு வண்ணக் காசின் பக்கமே போகாமல் இருப்பது பணத்துக்கு நல்லது.

போலியும் பிளாஸ்டிக் பெட்டியும்

முதல் சோதனை தராசு. 0.01 கிராம் காட்டும் சின்ன மின்தராசு மலிவாகக் கிடைக்கிறது. தேய்ந்த காசு சில தசமங்கள் குறைவாக இருக்கலாம். இரண்டு கிராம் குறைந்தால் பேச்சே இல்லை, போலி. காந்தத்தில் ஒட்டினாலும் போலி. இவற்றையெல்லாம் தாண்டிவரும் நல்ல போலிகளும் உண்டு.

அதைவிட ஆபத்து, உண்மையான காசிலேயே எழுத்தை ஒட்டுவது அல்லது சுரண்டுவது. 1893-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு லட்சம் காசுதான் அடித்தார்கள். தேய்ந்ததே ஆயிரக்கணக்கான டாலர் போகும். அதே ஆண்டுப் பிலடெல்பியா காசில் ஓர் எஸ் எழுத்தை ஒட்டிவிட்டால் போதுமே! ஆனால் அசலைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்று இருக்கிறது. அந்த ஒரு லட்சத்துக்கும் முன்பக்க அச்சு ஒன்றே ஒன்றுதான் பயன்பட்டது. தேவியின் தலைப்பட்டையில் லிபர்ட்டி என்று ஆங்கிலத்தில் செதுக்கியிருப்பதில் ஆறாவது எழுத்தை, அதாவது டி எழுத்தை, லென்ஸில் பாருங்கள். அதன் உச்சியில் சாய்வாக ஒரு மயிரிழைக் கோடு புடைத்து நிற்கும். ரொம்பத் தேயாத காசில் அந்தக் கோடு இல்லையென்றால், விற்பவர் என்ன கதை சொன்னாலும் நடையைக் கட்டுங்கள். 1895 பிலடெல்பியா காசு இதற்கு மறுபக்கம்: காட்சிக்காகத் தனியாக அடித்த 880 காசுகள்தான் உண்டு. அதே ஆண்டின் வேறு சாலைக் காசிலிருந்து எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு இதுதான் அது என்று விற்பார்கள்.

இந்தத் தில்லுமுல்லுக்கெல்லாம் சந்தை கண்டுபிடித்த மருந்துதான் ஸ்லாப். 1986-ல் பிசிஜிஎஸ் என்ற நிறுவனமும் அடுத்த ஆண்டு என்ஜிசியும் தொடங்கின. கட்டணம் வாங்கிக்கொண்டு காசைப் பார்த்து, அசல் என்று உறுதிசெய்து, எண் கொடுத்து, மூடி முத்திரையிட்ட கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்துத் தருவார்கள். அதற்கு முன்னால் வாங்கும்போது 60 என்றும் விற்கும்போது 65 என்றும் ஒரே வியாபாரி சொன்ன காலம் இருந்தது. அது பெருமளவு குறைந்தது. ஆனாலும் எண் என்பது சில நிபுணர்களின் கருத்துதான். அதே காசை மறுபடி அனுப்பினால் ஒரு எண் கூடவோ குறையவோ வரலாம். 63 என்று எழுதிய இரண்டு காசை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாக மற்றதைவிட அழகாக இருக்கும். பெட்டியைப் பார்த்து வாங்காமல் உள்ளே இருப்பதைப் பார்த்து வாங்கினால் அழகானது அதே விலைக்குக் கிடைக்கும். பெட்டியையே போலியாகச் செய்கிறார்கள் என்பதால், சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே காசின் படம் இருந்தால் கையிலிருப்பதோடு தழும்பு தழும்பாக ஒத்துப் பாருங்கள்.

முதலில் என்ன வாங்கலாம்? விலை குறைவு என்று 1921-ஐக் கையில் திணிப்பார்கள். காசு அசல்தான், ஆனால் கற்றுக்கொள்ள ஏற்றதில்லை. பழைய மூல அச்சுகளை 1910-ல் அழித்துவிட்டதால் 1921-க்குப் புதிதாகச் செய்தார்கள். உருவம் மேலோட்டமாகத்தான் புடைத்திருக்கும். அதில் கண் பழகினால் மற்ற ஆண்டுகளில் தடுமாற்றம் வரும். 1881 சான் பிரான்சிஸ்கோ காசு ஒரு கோடிக்கு மேல் அடிக்கப்பட்டது, கூர்மையாகப் பதிந்தது, இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் ஸ்லாப்பில் இருக்கும் எம்எஸ்-64 ஒன்று, கூடவே விஎஃப் தரத்தில் தேய்ந்த எந்த ஆண்டு மோர்கனாவது ஒன்று, நடுவில் ஓர் ஏயூ. மூன்றையும் விளக்கடியில் வரிசையாக வைத்துக் காதுக்கு மேலே இருக்கும் அந்த முடியை மட்டும் பார்த்துக்கொண்டே வாருங்கள்.

டாலர் கட்டுப்படியாகாது என்பவர்களுக்குச் சில்லறை இருக்கிறது. 1964 வரை தேதி போட்ட பத்து சென்ட், கால் டாலர், அரை டாலர் எல்லாம் இதே தொண்ணூறு சத வெள்ளி. 1965-ல் வந்த சட்டம் முதல் இரண்டிலிருந்து வெள்ளியை அறவே எடுத்துவிட்டது; அரை டாலரில் மட்டும் 1970 வரை நாற்பது சதம் இருந்தது. தேய்ந்த சில்லறையை வெள்ளி விலைக்கே எடைபோட்டு விற்கிறார்கள், ஜங்க் சில்வர் என்று பெயர். அமெரிக்காவில் இருப்பவர்கள் கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது கால் டாலரின் விளிம்பைத் திருப்பிப் பார்க்கலாம்: புதிய காசில் நடுவே செம்பு நிறக் கோடு ஓடும், வெள்ளிக் காசில் ஓடாது.